எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?

"எப்ப ஊருக்குப் போறீங்க?"

இந்த ஒரே கேள்விக்கு இரண்டு ஊர்களில் இருபத்தைந்து வருஷம் பதில் சொன்னவள் நான். மஸ்கட்டில் மே மாதம் பிறந்துவிட்டால் போதும். பக்கத்து பிளாட் அம்மாள் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லோரும் கேட்பார்கள். அங்கே 'ஊர்' என்றால் கும்பகோணம். ஜூன் மாதம் கும்பகோணத்தில் பெட்டியை இறக்கி வைத்த மூன்றாம் நாள், எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடி அதே கேள்வியைக் கேட்பார். அங்கே 'ஊர்' என்றால் மஸ்கட்! "எது நம்ம ஊருன்னு நமக்கே தெரியலையே" என்று நானும் என் கணவரும் சிரித்துக் கொள்வோம்.

2023-ம் வருஷம் மே மாதம், ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகுதான் அந்தக் கேள்வி சிரிக்கிற விஷயம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஓய்வு பெற்று வரும் குடும்பங்களில் பெண்களுக்கு மட்டுமே தெரிகிற சில கஷ்டங்கள் உண்டு. அவற்றில் பாதி நாமே தேடிக் கொள்வதுதான். என் அனுபவம் நாலு பேருக்காவது உபயோகப்படுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மலையும் கடலும்

நான் பாபநாசத்துப் பெண். பள்ளிப் படிப்போடு சரி. 1997-ல் கல்யாணமாகிக் கும்பகோணம் வந்தேன். கும்பேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த, நீளமான பழைய வீடு. அடுத்த வருஷமே இவருக்கு ஓமன் நாட்டில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் கழித்து நானும் போய்ச் சேர்ந்தேன்.

பச்சை வயல்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு மஸ்கட்டைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. எங்கே பார்த்தாலும் ஒரு புல்கூட இல்லாத பழுப்பு மலைகள். அவற்றின் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிடங்கள். ஆனால் போகப் போக அந்த ஊரும் என்னை வளர்த்தது, பொய் சொல்லக் கூடாது. ரூவியில் எங்கள் சிறிய பிளாட். விடுமுறை நாள் மாலையில் மத்ராவின் கடற்கரைச் சாலையில் நடை. பழைய கடைவீதிக்குள் நுழைந்தாலே குந்திரிக்கப் புகையின் வாசனை தூக்கும். நல்ல நாள் பெரிய நாளுக்கு தார்சைத்தில் உள்ள கிருஷ்ணன் கோயில். பழைய மஸ்கட்டில் இருக்கும் சிவன் கோயில். என் மகளும் மகனும் பிறந்து படித்து வளர்ந்தது அங்கேதான்.

2007 ஜூன் மாதம் 'கோனு' புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு வெள்ளம். அந்த நாட்டில் கடல்நீரைத்தான் குடிநீராக்கித் தருகிறார்கள். புயலில் அந்த நிலையமும் நின்றுபோக, சுற்றிலும் தண்ணீர். குடிக்கத்தான் தண்ணீர் இல்லை! கீழ்த்தளத்தில் இருந்த ஓமானியக் குடும்பத்தார் தங்களிடம் இருந்த தண்ணீர்ப் பாட்டில்களைப் படியேறி வந்து பங்கு வைத்துக் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாளுக்கும் எனக்கும் பொதுவான பாஷை பத்து வார்த்தை தேறாது. ஆனாலும் புறப்பட்ட அன்று அவள் என்னைக் கட்டிக் கொண்டு அழுததை என்னால் மறக்க முடியாது.

எவ்வளவு ஒட்டினாலும் அது பணியாளாக இருக்கிற வரைக்கும்தான். வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது. இவர் பார்த்த வேலைக்கு அந்த நாட்டுக்காரர் ஒருவரை நியமித்தார்கள். அவர்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் வேலை கொடுப்பதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? இவருக்கு அப்போது வயது 58. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். மகன் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தான். சோபா, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் புதிதாக வந்த ஒரு தம்பதிக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, நாலு பெட்டியோடு விமானம் ஏறினோம்.

பூட்டியிருந்த மாடி அறை

சென்னையிலிருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ். விடியற்காலையில் கும்பகோணம் ஸ்டேஷனில் இறங்கியபோது மனசு பஞ்சு மாதிரி இருந்தது. 'இனிமேல் நாள் எண்ண வேண்டாம்' என்று இவர் சொன்னார். ஆட்டோ மகாமகக் குளத்தைச் சுற்றிப் போனது. கரையைச் சுற்றிலும் பதினாறு மண்டபங்களும் இளவெளிச்சத்தில் தெரிந்தன. 2004 மகாமகத்துக்கும் வர முடியவில்லை, 2016-க்கும் வர முடியவில்லை, டிவியில்தான் பார்த்தோம். '2028-க்கு நாம இங்கதான்' என்று நினைத்துக் கொண்டேன்.

வீட்டில் என் மாமியார், கொழுந்தனார், அவர் மனைவி - அதாவது என் ஓரகத்தி - அவர்களுடைய பெண், பிள்ளை. கொழுந்தனாருக்குச் சின்னதாக ஒரு பாத்திரக் கடை. 2009-ல் நாங்கள் பணம் அனுப்பி மாடியில் ஓர் அறை கட்டியிருந்தோம். ஏசி, பாத்ரூம் எல்லாம் உண்டு. வருஷத்தில் ஒரு மாதம் நாங்கள் வந்து தங்குவோம். மீதிப் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். "பெரியவங்க ரூம்" என்று அதற்குப் பெயர். ஓரகத்தி வாரா வாரம் அதைப் பெருக்கித் துடைத்து வைப்பாளாம். அவளுடைய இரண்டு குழந்தைகளும் கூடத்தில், தாத்தா பாட்டியின் கட்டிலுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார்கள். இதை நான் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் என்னை அடுப்பங்கரையில் விட மாட்டாள். "நீங்க உக்காருங்கக்கா, ஒரு மாசம்தானே இருக்கப் போறீங்க" என்று டபராவில் நுரை பொங்கக் காப்பியை நீட்டுவாள். காலையில் இட்லிக்குக் கடப்பா, மத்தியானம் எனக்குப் பிடித்த வத்தக் குழம்பு. நானும் அதைப் பாசம் என்றே எடுத்துக் கொண்டேன். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விருந்தாளிக்குக் காட்டும் பாசம்.

இந்தத் தடவை பதினைந்து நாள் விருந்து நடந்தது. ஒரு மாதம் ஆயிற்று. ஒன்றரை மாதம் ஆயிற்று. காப்பியில் நுரை குறைந்தது. எதிர்வீட்டுப் பாட்டி, "இன்னும் போகலையா?" என்றார்.

தக்காளியும் ஒரு நர்ஸும்

தப்பு என் பேரிலும் இருந்தது. நாங்கள் போன 1998-ல் ஓமன் நாட்டு ரியால் ஒன்றுக்கு ஏறத்தாழ 110 ரூபாய். 2023-ல் அது 210-ஐத் தாண்டிவிட்டது. அங்கே இருந்தபோது எதை வாங்கினாலும் ரூபாயால் பெருக்கிப் பார்த்து 'ஐயோ' என்பேன். இங்கே வந்த பிறகு எதைப் பார்த்தாலும் ரியாலால் வகுத்துப் பார்த்து 'இவ்வளவுதானா' என்றேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதல்லவா? தெருவே தக்காளி இல்லாமல் ரசம் வைத்த நேரத்தில், 'அரை ரியால்தானே' என்று நான் மூன்று கிலோ வாங்கி வந்து பெருமையாக இறக்கி வைத்தேன். ஓரகத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தாள். வீட்டுச் செலவுக்கு அவள் எழுதும் நோட்டு எப்போதும் மாட மேலேதான் இருக்கும். நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. 2021-ல் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ராத்திரி இரண்டு தடவை எழுப்பிப் பாத்ரூமுக்கு அழைத்துப் போவது எல்லாம் ஓரகத்திதான். அவளுக்கு உதவி செய்வதாக நினைத்து, யாரிடமும் கேட்காமல், நான் ஒரு நர்ஸ் அம்மாளை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திவிட்டேன். மாமியாரின் கட்டிலையும் கூடத்திலிருந்து ஜன்னலோரமாக மாற்றிப் போட்டேன். மாமியார் அந்த அம்மாள் ஊட்டிய சாதத்தைத் துப்பிவிட்டு, "சின்னவளைக் கூப்பிடு" என்று ஒரே பிடிவாதம். நாலாம் நாள் நர்ஸ் அம்மாள் நின்றுவிட்டாள்.

அன்று ராத்திரி, கொல்லைப்புறத்தில் பாத்திரம் கவிழ்த்துக் கொண்டிருந்த ஓரகத்தி, முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தாள்.

"அக்கா, நீங்க அனுப்புன பணத்துக்கெல்லாம் நோட்டுல கணக்கு எழுதி வச்சிருக்கேன். ஒரு பைசா தப்பு இருக்காது. நான் முழிச்சிருந்த ராத்திரிக்கு யாருக்கா கணக்கு வச்சிருக்கா? இப்ப நீங்க வந்து எல்லாத்தையும் மாத்துனா, இத்தனை நாளும் நான் சரியாப் பண்ணலைன்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. 'எங்கள் பணத்தில்தானே இந்த வீடு நிற்கிறது' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏதோ புண்ணியம், விழுங்கிவிட்டேன். மாடி அறைக்குப் போய் இவரிடம் அழுதேன். இவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ சொல்றதுல என்ன தப்பு?" என்றார்.

சக்கரப் படித்துறையில்

இவருக்கு அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரலில் என் மாமனார் காலமானார். கொரோனாவுக்காக மார்ச் 22-ம் தேதியிலிருந்தே வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். சாவு வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு. தலைமகனான இவர் மஸ்கட்டில் ஒரு பிளாட்டுக்குள் அடைந்து கிடக்க, கொழுந்தனார்தான் கொள்ளி வைத்தார். அவர் போனில் எடுத்து அனுப்பிய இரண்டு நிமிஷப் படத்தை இவர் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாரோ! ஆனால் கண்ணீர் விடவில்லை.

2023-ல் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ம் தேதி திறந்தார்கள். 16-ம் தேதி கல்லணையில் திறந்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் தெருப் பிள்ளைகள், "ஆத்துல தண்ணி வந்துடுச்சு" என்று கத்திக் கொண்டு ஓடினார்கள். வடக்கே காவேரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. தண்ணீர் வரும் நாள் இங்கே ஒரு விசேஷ நாள் மாதிரிதான். நாங்களும் சக்கரப் படித்துறைக்குப் போனோம். காய்ந்த மணல்மேல் சருகையும் குப்பையையும் முன்னே தள்ளிக் கொண்டு, நுரையாகத் தண்ணீர் வந்தது. விடுமுறைக்கு வந்தபோது வரண்ட ஆற்றையும் பார்த்திருக்கிறேன், நிறைந்த ஆற்றையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வந்து சேர்வதைப் பார்த்ததில்லை. இவர் படியிறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நின்றார். "அப்பா கையைப் புடிச்சுக்கிட்டு இங்கதான் பார்ப்பேன்" என்றார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மூன்று வருஷத்து அழுகை. கொழுந்தனார்தான் தோளைப் பிடித்து மேலே அழைத்து வந்தார்.

நாம் இல்லாத நேரத்தில் நமக்காகச் செய்தவர்களுக்குப் பணத்தால் கணக்குத் தீர்க்க முடியாது என்று இவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒரு மாதம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

மாடியிலிருந்து கூடத்துக்கு

மறுநாள் நான் செய்த முதல் காரியம், மாமியாரின் கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டது. இரண்டாவது காரியம், மாடி அறைச் சாவியைக் கொழுந்தனார் பெண்ணிடம் கொடுத்தது. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. "நீயும் தம்பியும் மேலே படிங்க" என்றேன். நாங்கள் கூடத்தை அடுத்த ரேழி அறைக்கு வந்துவிட்டோம். மூன்றாவதாக, ஓரகத்தியிடம் போய், "ராத்திரி முறையை எனக்குக் குடு. எப்படிச் செய்யணும்னு நீ சொல்லிக் குடு" என்று கேட்டேன். அவளைவிடப் பெரியவள் நான். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் கூடவே முழித்திருந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாள்! எந்தப் பக்கமாகத் திருப்பித் தூக்க வேண்டும், எந்தக் காலை முதலில் ஊன்றச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஞானம் அந்த நர்ஸ் அம்மாளுக்குக்கூட இருந்ததா என்பது சந்தேகம்தான்.

ஆடிப் பதினெட்டு அன்று நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சித்ரான்னம் கிளறி எடுத்துக் கொண்டு படித்துறைக்குப் போனோம். காப்பரிசி, காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றை அவள் எனக்குக் கட்டினாள். நான் அவளுக்குக் கட்டினேன். அதற்காக அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் சாம்பாரில் புளி எவ்வளவு என்பதில் எங்களுக்குள் வழக்கு உண்டு. ஆனால் 2024-ல் அவளும் கொழுந்தனாரும் பத்து நாள் காசிக்குப் போய் வந்தார்கள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவள் ஒரு ராத்திரிக்கு மேல் வெளியூரில் தங்கியது அதுதான் முதல் தடவை.

திரும்ப எண்ணியிருக்கும் சகோதரிகளுக்கு

வளைகுடா நாடுகளில் நம்மவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கடைசியில் மொத்தமாக ஒரு தொகைதான். இவருக்குப் பொருந்திய சட்டப்படி முதல் மூன்று வருஷத்துக்கு வருஷம் 15 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம். 25 வருஷ உழைப்புக்கு இருபத்து மூன்றரை மாதச் சம்பளம், அவ்வளவுதான். அதை எடுத்து முதல் வருஷமே வீடு கட்டவோ, மனை வாங்கவோ அவசரப்படாதீர்கள்.

வெளிநாட்டில் கம்பெனி கொடுத்த வைத்திய இன்ஷூரன்ஸ் அங்கேயே நின்றுவிடும். இங்கே புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவற்றுக்கு உடனே பணம் கிடைக்காது. இந்தக் காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பை 2024-ல் நாலு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். அப்படியும் மூன்று வருஷம் வரை ஆகலாமே! ஆகையால் திரும்புவதற்குச் சில வருஷம் முன்பாகவே இங்கே ஒரு பாலிசி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். நாங்கள் செய்யவில்லை, இவர் சர்க்கரைக்குக் கைப்பணத்தைத்தான் செலவழிக்கிறோம்.

வெளிநாடு வாழ்வோருக்கான பாங்குக் கணக்கை, நிரந்தரமாகத் திரும்பியதும் பாங்குக்குத் தெரிவித்துச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டிக்கு இருந்த வரிச் சலுகையும் அத்தோடு போகும். அறுபது நிறைந்தவர்களுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள். 2025-ல் இவருக்கு அறுபது நிறைந்ததும் அதில்தான் போட்டோம்.

இதெல்லாம் ஆண்கள் விசாரித்துக் கொள்வார்கள். நாம் விசாரிக்க வேண்டியது வேறு. நாம் இல்லாத வருஷங்களில் அந்த வீட்டை நடத்தியவள் யார்? அவள் நோட்டைத் திறந்து பாருங்கள். முதல் ஆறு மாதம் எதையும் மாற்றாதீர்கள். பெட்டியில் என்ன கொண்டு வந்தீர்கள் என்பதைவிட, எந்த வேலையைக் கையில் எடுத்துக் கொள்ளப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

சென்ற மார்கழியில் ஒரு நாள். விடியற்காலை நாலு மணி இருக்கும். கோயிலில் இன்னும் பாட்டுப் போடவில்லை. மாமியார் முழித்துக் கொண்டு இருட்டில் கையால் துழாவினார்.

"யாரு, சின்னவளா?"

"இல்ல அத்தை, பெரியவ."

"நீயா? எப்ப ஊருக்குப் போற?"

"போகல அத்தை. இங்கதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் என்று போர்வையை இழுத்து விட்டேன்.

"அப்ப எந்திரிச்சு வெத்தலையை இடி. பாக்கைக் கொஞ்சமாப் போடு. நேத்து நீ இடிச்சது திப்பித் திப்பியா இருந்துது."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னை ஒரு வேலை சொன்னதும் இல்லை, குறை சொன்னதும் இல்லை. விருந்தாளியிடம் யார் சொல்வார்கள்? நான் விளக்கைப் போட்டு, சின்ன உரலை எடுத்து வைத்துக் கொண்டு, தளிர் வெற்றிலையாகப் பார்த்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தேன்.